மச்சான் இல்லாத முத்துக்குளிப்பு

ஒப்பந்த செவிலியர் பஞ்சாயத்து கிளம்புகிற ஒவ்வொரு முறையும் இரண்டு தரப்பும் சம்பளக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்ஆர்பி) தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு மெல்ல ஏறி 18,000. நிரந்தரம் செய் என்கிறது ஒரு பக்கம், காலியிடம் வந்தால் பார்க்கலாம் என்கிறது மறுபக்கம். செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. என் எரிச்சல் வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்க இரு தரப்பிலும் நாதியில்லை.

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கு இது பழைய கேள்வி. அரசு இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். குளிப்பவர் கல்லில் கால் வைத்து இறங்குவார். தரை தொட்டதும் வள்ளத்தில் நிற்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். அப்புறம் இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு கயிறுதான். கீழே சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். ஒரு மூச்சு தாங்கும் நேரம்தான். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். அவன் தங்கச்சியின் தாலி அந்தப் பிடியில் இருக்கிறதே! கவனியுங்கள், கயிறு பிடிப்பவர் ஒரு சிப்பிகூட எடுப்பதில்லை. ஆனாலும் கூலி உண்டு. ‘இவனும் இறங்கினால் இன்னொரு கூடை சேருமே’ என்று வள்ளத்துச் சொந்தக்காரரான எந்தச் சம்மாட்டியும் கணக்குப் போட்டதில்லை.

நம் மருத்துவமனைகள் போடுவது அந்தக் கணக்கைத்தான். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கற்பிக்கும் மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர். அது ஏட்டில். நடப்பில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே புதியவளும் முழு ஆள்.

எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். ஐந்தாம் நாளே நைட் டியூட்டி, தனியாக. டியூட்டியை ஒப்படைத்த சிஸ்டர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியாயிற்று. ஒரு பெரியவருக்கு இன்சுலின் இருபது யூனிட். அவர் வெளியில் வாங்கிவந்த மருந்து மில்லிக்கு 100 யூனிட். டிரேயில் கிடந்ததோ 40க்கான சிரிஞ்ச், சிவப்பு மூடி. அதில் இருபதாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட். இழுத்தும்விட்டாள். “ஏ பிள்ள, இது செவப்பு மூடில்லா? அவருக்கு ஆரஞ்சுலதான குத்துவாவ!” என்று தடுத்தது வார்டு கூட்டுகிற ஆயாம்மா. “படிச்சதெல்லாம் ஞாபகம் இருந்துச்சு மாமா. கைதான் நடுங்கிட்டே இருந்துச்சு” என்றாள் என்னிடம்.

நாலு வருஷம் படித்தவளுக்கு இன்னும் எதற்குக் கைப்பிடி என்பார்கள். 2021 பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப் இருக்கிறதே என்பார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டைப் பார்த்ததில்லை, வேறு பதில் தேவையில்லை. மாணவி செய்கிற தப்பு சிஸ்டர் தலையில் விடியும். பதிவு எண் வாங்கியவள் செய்தால் அவள் தலையில். எம்பிபிஎஸ் முடித்தவர் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தாக வேண்டும், அதுவரை நிரந்தரப் பதிவே கிடையாது. மேலே பிஜி, அதற்கும் மேலே உதவிப் பேராசிரியர் என்று கேட்க ஆள் உண்டு. அவர்கள் எழுதுகிற மருந்தை ஏற்றுகிற கைக்கு மட்டும் ஏன் ஆயாம்மா?

தூத்துக்குடி பெருந்துறைமுகமான 1974இல்தான் அமெரிக்காவில் மார்லின் கிரேமர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி, கல்லூரிக்கும் வார்டுக்கும் நடுவில் விழுகிற அடிக்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்தார். துறைமுகம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. இந்த விஷயத்தில் நாம் இன்னும் கரையிலேயே நிற்கிறோம். நம் பெண்கள் இங்கிலாந்துக்குப் போனால் அங்கே பல மருத்துவமனைகளில் முதல் சில வாரம் அவர்களை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் ஓர் அனுபவசாலியை நிறுத்துகிறார்கள்.

காசுக்குத்தானே போகிறார்கள் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016இல் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் காசைப் பற்றிப் பேச வேண்டாம். கயிறு பிடிக்க ஆள் வைத்துப் பாருங்கள், விமானம் ஏறுகிற கூட்டம் பாதியாகக் குறையும். அடித்துச் சொல்கிறேன்.

சேர்ந்த முதல் மூன்று மாதம் புதியவள் பெயர் டியூட்டி சார்ட்டில் ஆளாக எண்ணப்படக் கூடாது. இரண்டு புதியவர்களுக்கு ஒரு மூத்த சிஸ்டர், அவருக்குத் தனிப்படி. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தே தொடங்கலாம். பணி ஆணையில் இடம், ஊதியம், தேதிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: கயிறு பிடிப்பவர் பெயர். அந்த வரி நிரம்பும்வரை மருந்து அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுக்காதீர்கள்.