உரியும் பெயிண்டுக்கு யார் பொறுப்பு?

மும்பையில் மழைக்காலம் வந்துவிட்டால் நம்மவர்கள் குடியிருக்கும் பழைய சால்களில் சுவர் ஊறும். கதவும் ஜன்னலும் உப்பும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் பூசிய எண்ணெய்ப் பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். தவழும் குழந்தை அதைப் பொறுக்கி வாயில் போடும். அது சற்றே இனிக்கும் என்பதுதான் கொடுமை! பழைய பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில், ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு குழந்தையின் உடல் உறிஞ்சிக் கொள்கிறது. அது மூளையைக் கெடுக்கிறது, கெட்டது திரும்புவதில்லை. ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளையைத் தகப்பன் அடிக்கிறான். ஜன்னலை யாரும் பார்ப்பதில்லை.

சர்க்கார் என்ன செய்தது? வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று 2016இல் விதி போட்டது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அது கடையில் விற்கும் டப்பாவுக்கான விதி. ஏற்கெனவே சுவரில் ஏறியதைப் பற்றி அதில் பேச்சில்லை. அமெரிக்காவில் 1978இல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடுத்தார்கள். அதோடு விடாமல், அதற்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர் தமக்குத் தெரிந்த ஈய விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்று 1992இல் சட்டமும் செய்தார்கள். தெரிந்தே மறைத்தவர் நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு கட்ட நேரும். முதலாளிகளின் நாடு என்று நாம் ஏசுகிற இடத்தில் இது இருக்கிறது!

நம் கையில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 14ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு உடன்பாடு இல்லாதவரை, வீட்டைக் குடியிருக்கத் தக்கதாகப் பழுதுபார்த்து வைப்பது வீட்டுக்காரரின் கடமை. 15 நாளுக்குக் குறையாத நோட்டீஸ் கொடுத்தும் அவர் அசையாவிட்டால், குடியிருப்பவரே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஓராண்டில் அந்த ஆண்டு வாடகையின் கால் பங்கைத் தாண்டக் கூடாது. பலர் சேர்ந்தும் நோட்டீஸ் தரலாம். தனியாகப் போனால் சேட் ரசீதை நிறுத்துவார் (அதுவும் இதே சட்டப்படி குற்றம்தான்). இருபது குடும்பம் கையெழுத்திட்டால் யோசிப்பார்.

‘பெயிண்ட் பழுதுபார்ப்பில் சேராது’ என்று அவருடைய வக்கீல் வாதிடக்கூடும். மத்திய சர்க்காரின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. மாநிலம் சட்டமாக்கினால்தான் அது செல்லும். என்றாலும் வாதத்துக்கு உதவும்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பதினோரு மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ தாளில் குடியேறுகிறார்கள். 14ஆம் பிரிவு வாடகைதாரரைப் பற்றிப் பேசுகிறது. லைசென்ஸ்காரர் அதில் இல்லை. கைக்குழந்தையோடு இருப்பவர்களில் பலர் இவர்களே. இவர்களையும் சேர்த்து, பழைய பெயிண்டை அகற்றும் செலவை வீட்டுக்காரர்மேல் வைக்கும் திருத்தம் வேண்டும் என்பது நம் கோரிக்கை. வாக்குக் கேட்டுச் சாலுக்குள் நுழைகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அதுவரை யாரும் அந்தப் பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தீ வைத்துச் சுரண்டவும் வேண்டாம். தூசியும் புகையும் செதிலைவிட மோசம். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்நேரம் அங்கே இருக்கக் கூடாது. நோட்டீஸ் எழுத ஞாயிறு காலை சங்கத்துக்கு வரலாம். வரும்போது வாடகை ரசீதுகளை எடுத்து வாருங்கள்.