தலைச்சுமைக் கணக்கு

வழக்கமாக இந்தப் பகுதியில் நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். இந்த முறை ஒரே ஒரு கடிதம்தான். கொல்லிமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பச்சைமலை, சித்தேரி என்று எந்த மலையில் இருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். மொத்தம் 4 ஏக்கர் இருக்கிறது. 2 ஏக்கர் பட்டா, மீதி எங்கள் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து அனுபவித்து வருவது. ஒன்றரை ஏக்கரில் மாமியார் இன்னும் சாமைதான் விதைக்கிறார். மற்றதில் குச்சிக்கிழங்கு. சாமையையும் எடுத்துவிட்டு எல்லாவற்றிலும் கிழங்கு போட வேண்டும், இல்லையென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். "நான் இருக்கிறவரைக்கும் சாமையை விடமாட்டேன்" என்கிறார் மாமியார். மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த வருடம் பள்ளிக்கு இன்னும் தூரம் போக வேண்டும். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1990-களின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மலைக் கிராமத்துக்கு அடிக்கடி போவேன். அங்கே ஒரு வயதான அம்மா சரிவு நிலத்தில் சாமையும் தினையும் போட்டிருந்தார். "இதை வைத்துக்கொண்டு என்ன சம்பாதிக்கப் போகிறீர்கள்? கிழங்கு போடுங்கள், ஆலைக்காரர் வந்து எடுத்துக்கொள்வார்" என்று படித்த படிப்பையெல்லாம் வைத்துப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கிழங்கு வெல போகாத வருசம் நாங்க எத்தனதான் திங்க முடியும் சார்? சாமைன்னா குதிர்ல கெடக்கும்" என்றார். ஆனாலும் அடுத்த ஆண்டு அவர் நிலத்திலும் கிழங்கு வந்துவிட்டது. நான் சொன்னதால்தான் மாறினார் என்று எனக்குப் பெருமை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். அதே சரிவில் பாதி இடம் பாறை தெரிந்தது. மண் கீழே ஓடைக்குப் போய்விட்டது. அந்த அம்மாவிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க சொல்லி யாரு விட்டா? இடிக்க முடியாமத்தான் விட்டேன். எம் மருமவள ஒலக்க புடிக்கச் சொல்ல எனக்கே மனசு வரல" என்றார்.

இரண்டையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். சரிவில் மண்ணைப் பிடித்து வைக்காத பயிர் நிலத்தையே தின்றுவிடும். பெண்களின் தோள்வலியைக் கணக்கில் சேர்க்காத பயிர் நிலத்தில் நிற்காது.

சுமைக்கு எவ்வளவு?

சமவெளியில் ஒரு பயிரை ஏக்கருக்கு எவ்வளவு வருமானம் என்று பார்க்கிறோம். ரோடு இல்லாத ஊரில் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். ஒரு தலைச்சுமைக்கு எவ்வளவு வருமானம் என்றும் பார்க்க வேண்டும்.

கிழங்கை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 6 டன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 கிலோ. ஆளுக்கு 30 கிலோ சுமை என்றால் 200 நடை. ஒவ்வொரு நடைக்கும் போக 3, வர 3 கிலோமீட்டர். டன் 6,000 ரூபாய்க்குப் போனால் ஒரு சுமையின் மதிப்பு 180 ரூபாய். அதில் சுமை கூலியைக் கழித்துப் பாருங்கள். வீட்டு ஆளே சுமந்தாலும் அதுவும் கூலிதான்.

ஆலையில் கிழங்கை எடைக்கு மட்டும் எடுப்பதில்லை, மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' வைத்துப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். மழை பிடித்து, சுமை ஆள் கிடைக்காமல், லாரி வராமல் போனால் அடி வாங்குவது நீங்கள்தான். 'இன்றைக்கு விலை இல்லை, நாளைக்கு விற்கலாம்' என்று வைத்திருக்க முடியாத சரக்கு அது.

இப்போது மிளகு. கிலோ 500 ரூபாய் என்று வைத்தாலும் 30 கிலோ சுமை 15,000 ரூபாய். நன்றாகக் காய்ந்த மிளகை நல்ல சாக்கில் ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். விலை பார்த்து விற்கலாம்.

சாமை? அது கீழே இறங்கவே வேண்டாம். வீட்டிலேயே இருந்து சோறாகும். உமியோடு காயவைத்துக் குதிரில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அரிசியையும் 3 கிலோமீட்டர் சுமந்துதானே வருகிறீர்கள்? அடைமழையில் பத்து நாள் பாதை அடைபட்டால் வீட்டில் இருக்கிற தானியம்தான் சோறு.

ஆகவே என் பதில்: சுமக்கிற பொருள் எடை குறைவாக, விலை அதிகமாக இருக்கட்டும். எடை அதிகமானது வீட்டிலேயே உணவாகட்டும். இதில் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரி. பணம் வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் சரி. கிழங்குதான் அதற்கு வழி என்பது மட்டும் சரியில்லை.

நான்கு ஏக்கரை எப்படிப் பிரிப்பது?

சரிவு அதிகமுள்ள ஒன்றரை ஏக்கரில் சாமை தொடரட்டும். கிழங்கு, நட்ட முதல் மூன்று மாதம் நிலத்தை மூடாது. அந்த நேரத்தில்தான் தென்மேற்குப் பருவமழை அடிக்கிறது. பிடுங்கும்போது மண்ணைக் கிளறிவிடுகிறோம், கோடை மழை அதையும் கொண்டுபோகிறது. சாமை சில வாரங்களிலேயே நிலத்தைப் போர்த்திவிடும். இடையிடையே அவரையும் துவரையும் ஊன்றுங்கள்.

கிழங்கை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மிளகு காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதுவரை கைச்செலவுக்குப் பணம் வேண்டும். இப்போது இருக்கும் கிழங்கைச் சரிவு குறைந்த ஒரு ஏக்கருக்குள் சுருக்குங்கள். மாவுப்பூச்சியும் தேமல் நோயும் இல்லாத செடியிலிருந்து மட்டும் விதைக்குச்சி எடுங்கள். கிழங்குக்கு நடுவே தட்டைப்பயறு போட்டால் முதல் மூன்று மாத மழையில் மண் தாங்கும்.

மீதி ஒன்றரை ஏக்கரில் இருக்கும் பலா, சில்வர் ஓக் மரங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மிளகுக்கொடிக்கு இடம். ஜூன், ஜூலையில் வேர்விட்ட கன்றுகளை மரத்துக்கு இரண்டாக, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, வடகிழக்குப் பக்கம் நடுங்கள். குழிக்கு நன்கு மட்கிய எரு 10 கிலோவும் டிரைக்கோடெர்மா 50 கிராமும் போடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. வாடல் நோய் வந்தால் கொடி சில நாளில் போய்விடும். அதனால் பருவமழைக்கு முன் ஒருமுறையும், ஆகஸ்ட், செப்டம்பரில் மறுமுறையும் ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள்.

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவையுங்கள். மிளகு ஒரே கறுப்பாக இருக்கும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும்.

சரிவில் மட்டம் பிடிக்க

எதை நட்டாலும் சரிவுக்குக் குறுக்கே நடுங்கள். மட்டம் பிடிக்கக் கருவி வாங்க வேண்டாம். ஒரே நீளமுள்ள இரண்டு மூங்கிலைக் கூரை முகடுபோலச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் குச்சியின் நடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே நகர்த்தி நகர்த்தி முளை அடித்துக்கொண்டு போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் நிலத்துக் கல்லையே வரப்பாக அடுக்கி, மேல் பக்கம் வெட்டிவேர் நடுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாளில் ஒரு ஏக்கருக்குக் கோடு போட்டுவிடலாம்.

சாமையை இடிப்பது யார்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது இது. மாமியாருக்கு வயதாகிவிட்டது. அப்படியென்றால் உலக்கை உங்கள் கையில்தான் இருக்கும். இதற்கு வழி செய்யாமல் 'சாமையைக் காப்பாற்றுங்கள்' என்று நான் எழுதினால், பழைய தவறையே வேறு விதமாகச் செய்கிறேன் என்று அர்த்தம்.

கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மகளிர் குழுக்கள் மூலம் சில ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை வைத்துக் கொடுத்தது. உங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் உங்கள் குழுவும் அடுத்த ஊர்க் குழுவும் சேர்ந்து, தமிழ்நாடு சிறுதானிய இயக்கத்தில் இயந்திரத்துக்கு உதவி கிடைக்குமா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இயந்திரத்தைத் தார்ச்சாலை முடியும் ஊரில் வைத்தால் பழுது பார்க்க ஆள் வருவார். மாதம் ஒருமுறை தேவையான அளவு மட்டும் கொண்டுபோய் அரைத்து வாருங்கள். உமி நீக்கிய சாமை அரிசியை ரொம்ப நாள் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு என்று இந்தப் பத்திரிகையைக் காட்டியே சொல்லுங்கள்.

விதையைப் பொறுத்தவரை, ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ போதும். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று உங்கள் மலைக்கே உரிய ரகங்கள் இருக்கின்றன. மாமியாரிடம் எது இருக்கிறதோ அதை விட்டுவிடாதீர்கள். அத்தியந்தல் 1 போன்ற புது ரகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் 10 சென்டில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

நிலமும் பாதையும்

குத்தகை பற்றிக் கேட்டீர்கள். வாய்ப்பேச்சில் ஐந்தாண்டுக் குத்தகைக்கு விட்டால், எடுப்பவர் எல்லாவற்றிலும் கிழங்கு போடுவார். திரும்ப உங்களிடம் வருவது பாறைதான். வீட்டுக்காரர் வருடத்தில் சில மாதம் திருப்பூர் போய் வரட்டும், தப்பில்லை. நிலம் உங்கள் கையில் இருக்கட்டும்.

அனுபவத்தில் உள்ள 2 ஏக்கர் வனநிலமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மனு கொடுங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்தால் பழங்குடியினருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் பதிவாக வேண்டும். விற்க முடியாது, பிள்ளைக்குப் போகும். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பாதைக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. பிரிவு 3(2)-இன்படி ரோடு, பள்ளி, குடிநீர் போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, கிராம சபை பரிந்துரையின் பேரில் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. 3 மீட்டர் அகலத்தில் 3 கிலோமீட்டர் பாதை என்றால் 9,000 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். உங்கள் பாதை அதற்குள் அடங்குகிறது! 'வனத்துறை விடாது' என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் பெண்கள் எல்லோரும் போய் உட்கார்ந்து தீர்மானம் எழுத வையுங்கள். நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

இந்தப் பாதை கிழங்கு ஏற்ற மட்டும் இல்லை. மலையில் பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தூக்கியவர்கள் நால்வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மகன் ஆறாம் வகுப்புக்கு நடக்கப் போவதும் அதே பாதையில்தான்.

பாதை வர எத்தனை ஆண்டு ஆகுமோ, என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அதுவரை தலைச்சுமைக் கணக்குதான் உங்களுக்குத் துணை. வரும் ஆனி மாதம் முதல் மழையில் பத்து மிளகுக்கொடி நட்டுத் தொடங்குங்கள். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரிடம் என்னென்ன சாமை ரகம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

மற்ற மலைக் கிராமத்து வாசகர்களும் உங்கள் ஊர்த் தலைச்சுமைக் கணக்கை எழுதி அனுப்புங்கள். என்ன பயிர், எத்தனை நடை, கையில் நின்றது எவ்வளவு என்று எழுதினால் போதும். பலருக்கும் அது உதவும்.