பெட்டியின் பின்புறம்



பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கமாகச் சென்றால் லைட்ஹவுஸ் குப்பம் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் அங்கே புதுவீடு ஒன்றை மந்திரிக்கச் சென்றிருந்தேன். வீட்டு மகன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கடலுக்குப் போகக் கூடாதாகையால் கரையில் இருந்தார். சேர்த்து வைத்த பணத்தில் புதிய தொலைக்காட்சியும், அதனோடு 'ஹோம் தியேட்டர்' ஒன்றும் வாங்கிக் கூடத்தில் நிறுத்தியிருந்தார். மூலைக்கு ஒன்றாக ஒலிபெருக்கிகள். நடுவில் கனத்த கறுப்புப் பெட்டி. நான் தீர்த்தச் செம்பை எடுத்ததும் அவர் ஓடிவந்து, "சாமி, இந்தப் பெட்டி மேல மட்டும் தெளிச்சுடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்றார். வீடே சிரித்தது. நானும் எட்ட நின்றே தெளித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு மாதம் முதல் வெள்ளியன்று, முதியோருக்கு நற்கருணை எடுத்துச் சென்றபோது மீண்டும் அவ்வீட்டுக்குப் போனேன். மகன் கடலில் இருந்தார். மருமகள் விடியுமுன்பே மீன் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டிருந்தார். மூட்டு வலியால் வாசற்படி தாண்ட முடியாத தாயார் மட்டும் கூடத்தில் அமர்ந்திருந்தார். நன்மை வாங்கியபின் மெல்லச் சொன்னார்: "நாலு ஞாயிறாப் பூசை பாக்கலே சாமி. பழைய டி.வி.யிலே பொத்தானை அமுக்கினா மாதா டி.வி. வரும். இதுல கறுப்பாவே நிக்குது."

நலமாக இருப்பவர் கோவிலுக்கு வராமல் தொலைக்காட்சியில் திருப்பலி கண்டுவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எண்ணுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் படுக்கையிலும் நாற்காலியிலும் கட்டுண்டு கிடப்போருக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை 2020ஆம் ஆண்டு நமக்கெல்லாம் கற்பித்தது. அசிசிப் புனித கிளாரா நோயுற்றுக் கிடந்த கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவில் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தது இதனை முன்னிட்டே. கிளாராவுக்கு எந்த வடமும் தேவைப்படவில்லை. நம் தாயாருக்குத் தேவைப்பட்டது. ஆகவே பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தேன்.

இந்தக் கறுப்புப் பெட்டிக்கு 'ரிசீவர்' என்று பெயர். கேபிள் பெட்டி, வட்டு போடும் கருவி, கைபேசி என்று பல இடங்களிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் வாங்கிக்கொண்டு, படத்தை ஒரே வடத்தில் தொலைக்காட்சிக்கு அனுப்பும். ஒலியைப் பெருக்கி மூலைகளுக்குப் பகிரும். ஏரியில் இன்று இன்னாருக்குப் பாடு என்று முறை வகுத்துக்கொள்வதுபோல, எந்தக் கருவிக்கு இப்போது முறை என்று தீர்மானிப்பதும் அதுவே. இடைஞ்சலும் அங்கேதான். எல்லாம் அதன் வழியாகப் போகும்படி இணைத்துவிட்டால், அது உறங்கும்போது தொலைக்காட்சியும் உறங்கிவிடும். மகன் கேபிள் பெட்டியின் வடத்தை ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து ஒரு வடத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்திருந்தார். கடைக்காரர் காட்டிய முறை அதுதானாம். பிழையென்றும் சொல்ல முடியாது. ஆனால் பூசை காண வேண்டுமானால் மூன்று கைக்கருவிகளைச் சரியான வரிசையில் இயக்க வேண்டும். அறுபது வயது கடந்த கண்ணுக்கு அவ்வெழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சில ரிசீவர்கள் உறங்கும்போதும் படத்தைக் கடத்திவிடும். அதற்கான ஏற்பாடு அதன் பட்டியலுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும், நாமே தேடி இயக்கிவைக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் நானும் சூடு கண்ட பூனை. முன்பு ஒரு பங்கில் இருந்தபோது, மன்றத்துக்கென்று இப்படி ஒரு பெட்டி வாங்கினோம். அட்டைமேல் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தது ஒன்றே எங்களை மயக்கியது. பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளோடு அச்சிடும் அந்தக் கணக்கு, கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடும் என்று காகிதத்தில் போடும் உச்சம். கள்ளத் தராசுக்கு ஒப்பானது. ஆர்.எம்.எஸ். என்று குறித்திருப்பதே தொடர்ந்து தரக்கூடிய வலிமை. ஒரு குடும்பத்தின் கூடத்துக்குச் சில பத்து வாட் தாராளம். அதற்குமேல் அண்டை வீட்டாரின் பொறுமைதான் செலவாகும். வாட் கிடக்கட்டும். தவக்காலத்தில் மறைக்கல்விப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் போட்டோம். ஒலி வந்தது, படம் வரவில்லை. காரணம் அறிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

காரணம் இதுதான். பழைய கருவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் உண்டு. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. 2006இல் தொடங்கி அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இவை பழக்கமாயிருக்கும். ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதால் மஞ்சளில் வரும் படம் சற்று மங்கலாகவே இருக்கும். சில கருவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூன்று இருக்கும். அவை மூன்றும் படத்துக்கே உரியவை. இரண்டு வரிசையிலும் சிவப்பு உண்டு என்பதால் ஒலிச் சிவப்பைப் படச் சிவப்பில் செருகி விழிப்பவர் பலர். 2003 முதல் சந்தைக்கு வந்த எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான முனை இந்தக் குழப்பத்தையெல்லாம் நீக்கியது. அதன் 19 ஊசிகளுக்குள் படமும் ஒலியும் எண்களாக மாறி ஒன்றாகவே செல்கின்றன.

ஆனால் பல ரிசீவர்கள் மஞ்சளில் நுழைந்த படத்தை மஞ்சளிலேயே வெளிவிடும்; எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தராது. மன்றத்தில் எங்கள் வட்டுக் கருவி மஞ்சளில் பேசிற்று, திரைக்குப் போனதோ எச்.டி.எம்.ஐ. மட்டும். பாபேல் கோபுரம்தான். இன்று வரும் ரிசீவர்கள் சிலவற்றில் மஞ்சள் துளையே கிடையாது.

ஆகவே வாங்கப் போகுமுன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவியின் பின்புறத்தையும் பார்த்து, எந்தத் துளை எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன்புறத்து விளக்குகளைத்தான் காட்டுவார். பின்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் பழையதை மலிவாக வாங்குவதும் தவறன்று. ஒலி நன்றாகவே இருக்கும். ஆனால் இக்காலத்து 4கே படங்களுக்கு ஒரு பூட்டு உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் அதற்கான புதிய திறவுகோலை அறிந்திருக்க வேண்டும். 2013க்கு முற்பட்ட ரிசீவருக்கு அது தெரியாது. படத்தை அதன் வழியாக அனுப்பாமல், ஒலியை மட்டும் அதனிடம் ஒப்படைப்பதே விவேகம்.

தாயாரின் வீட்டிலும் நான் செய்தது ஏறக்குறைய அதுவே. கேபிள் பெட்டியின் வடத்தை ரிசீவரிலிருந்து உருவி நேரே தொலைக்காட்சியில் செருகினேன். தொலைக்காட்சியின் துளைகளில் ஒன்றின் அருகே ஏ.ஆர்.சி. என்று பொறித்திருக்கும். 2009இல் வந்த ஏற்பாடு இது. ரிசீவரிலிருந்து படம் வரும் அதே வடத்தின் வழியே தொலைக்காட்சியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பிச் செல்லும். இரு பக்கமும் அந்த எழுத்துள்ள துளையிலேயே செருக வேண்டும். வேறொன்றில் செருகினால் ஊமைதான். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் சி.இ.சி. என்பதையும் இயக்கிவைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருப்பது நம் பொறுமையைச் சோதிக்கவே போலும். ஏ.ஆர்.சி. இல்லாத தொலைக்காட்சியானால், ஒளியிழை வடம் ஒன்றால் ஒலியை மட்டும் அனுப்பலாம். அதன் முனையில் சிவப்பு ஒளி தெரியும். முனையை மூடியிருக்கும் சிறு பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்ற மறவாதீர்கள், நான் மறந்திருக்கிறேன்.

இப்போது ரிசீவர் உறங்கினாலும் தொலைக்காட்சி தன் சொந்தக் குரலில் பாடும். மகன் வீட்டில் இருக்கும்போது ரிசீவரை எழுப்பினால் மூலைகளெல்லாம் முழங்கும். தாயார் பொத்தானை அமுக்கினார். மாதா தொலைக்காட்சி வந்தது. அந்த நேரத்தில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. அவர் என்னை மறந்து பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கடலோர வீட்டாருக்கு இன்னொன்று. உவர்க்காற்று இம்முனைகளைச் சும்மா விடாது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கடல் பார்த்த சன்னலருகே பெட்டியை வைக்காதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு முனைகளை உருவி, உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருகுங்கள். ரிசீவர் சூடேறும் பொருள். அதன் தலைமேல் துணி விரித்துச் சுரூபம் வைப்பது பக்தியானாலும், காற்றுத் துளைகளை அடைத்துவிடும். இடி இடிக்கும்போது மின்செருகியோடு கேபிள் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

புறப்படும்போது தாயார் பெட்டியிலிருந்து ஒரு வட்டை எடுத்து நீட்டினார். மூத்த மகளின் திருமண வீடியோ. மறைந்த கணவர் அசைந்து பேசிச் சிரிப்பது அதில் மட்டும்தான். அவ்வீட்டு வட்டுக் கருவி மஞ்சள் துளைக்காரர். ரிசீவரிலோ மஞ்சள் இல்லை. புதுத் தொலைக்காட்சிகள் பலவற்றில் ஏ.வி. என்று எழுதிய சிறு வட்டத் துளை ஒன்று இருக்கும். அதற்கென ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் மூன்று வண்ணத் துளைகளுமாக ஒரு குட்டி வடம் தொலைக்காட்சியோடு வரும். உள்ளமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் கடையில் கிடைப்பதெல்லாம் பொருந்தாது. "அட்டைப் பெட்டி எங்கேம்மா?" என்றேன். கொல்லையில் இருந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் கொத்துகளை வாங்கிக்கொண்டு, வைக்கோலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அந்த வடத்தை எடுத்தேன்.

படம் மங்கலாகத்தான் வந்தது. மணமகளை அழைத்துக்கொண்டு அவர் கோவில் வாசலில் நுழைந்தார். தாயார் சற்று முன்னே குனிந்து பார்த்தார்.

"சட்டையிலே மேல் பொத்தான் இல்லே பாருங்க சாமி. அன்னைக்கு நான் கவனிக்கவே இல்லே."