மேலக்காத்துக்கு எழுபது மார்க்

முதல்ல ஒரு கேள்வி. விமான நிலைய வானிலை அறிக்கையில 27012, பக்கத்துல நாட் என்று போட்டிருக்கு. காற்று எந்தப் பக்கம் வீசுது? "270 டிகிரி, அதாவது மேற்கு நோக்கி" என்று நீங்க சொன்னா, வாங்க, பக்கத்துல உட்காருங்க. நானும் அப்படி நினைச்சுத்தான் ஒரு கணக்கையே தலைகீழா போட்டுட்டு வந்தேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ் தியரி தேர்வுல பாஸ் மார்க் 70. நான் எடுத்தது 64.

சரியான பதில்: காற்று மேற்கிலிருந்து 12 நாட் வேகத்துல வருது. விமானத் துறையில காற்றுக்கு அது புறப்பட்ட திசையைத்தான் சொல்லுவாங்க. வெட்கம் என்னன்னா, திருவாதவூர்ல எங்க அப்பத்தாவுக்கு இது தெரியும். களத்துல முறத்தை வெச்சுக்கிட்டு "மேலக்காத்து வரட்டும்டா" என்று நிற்கும். காத்து வந்ததும் பதர் கிழக்கால போய் விழும். தென்றல்னா தெற்கிலிருந்து வருவது, வாடைன்னா வடக்கிலிருந்து, கொண்டல்னா கிழக்கிலிருந்து. தமிழ்ல காற்றுக்குப் பேரே புறப்பட்ட இடத்தை வெச்சுத்தான். (வாதம் என்றாலே காற்று என்று ஒரு பொருள் உண்டு. எங்க ஊர்ப் பேருக்குக் காரணம் அதுதான்னு நான் சொல்ல வரல.) இவ்வளவும் வீட்டுலயே இருக்க, நான் அதை ஆயிரக்கணக்கான கேள்வி உள்ள ஒரு பிடிஎஃப்-ல தேடினேன்.

என் கட்சி இதுதான்: பைலட் தியரியை நம்ம செமஸ்டர் மாதிரி படிக்காதீங்க. கேள்வி வங்கியை உருப்போட்டா டூ மார்க் பாஸாகும், இது ஆகாது. எண்ணை மாத்திப் போட்டா நான் அம்பேல். வேடிக்கை என்னன்னா, இந்தப் பாடத்துல பாதி நமக்கு ஏற்கனவே தெரிஞ்சது.

மதுரை விமான நிலையத்து ஓடுபாதையோட பேரு 09/27. ஒரு முனையிலிருந்து ஓடினா திசைகாட்டியில சுமார் 90 டிகிரி, மறுமுனையிலிருந்து 270. விமானம் எதிர்காற்றுல கிளம்பினா குறைஞ்ச தூரத்துலயே எழும்பிடும். அப்போ ஆடி மாசத்துல எந்தப் பக்கம் பார்த்துக் கிளம்பும்? அப்பத்தாவே சொல்லிடும்.

அடுத்து 60-க்கு 1 விதி. திசையில ஒரு டிகிரி பிசகினா, 60 கிலோமீட்டர் போனதும் ஒரு கிலோமீட்டர் விலகியிருப்பீங்க. மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியா சுமார் 420 கிலோமீட்டர். ஒரே ஒரு டிகிரிக்கு ஏழு கிலோமீட்டர். ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதுக்குன்னு கேட்பீங்க. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம், கணவர் சுந்தரத்தோட 1951-ல டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தப்போ ஜிபிஎஸ் கிடையாது. திரை அணைஞ்சு போனா நீங்களும் அதே 1951-லதான் இருப்பீங்க.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ரெண்டு விஷயம். மதுரை ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 500 அடிக்கும் கீழதான். ஆனா மே மாசம் 40 டிகிரியில காற்று லேசாகிடும். திட்ட வெப்பநிலையைத் தாண்டுற ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டணும். போட்டுப் பார்த்தா, விமானத்துக்கு அது மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்துல இருக்கற மாதிரி. ஒரு வெயில் மதுரையைத் தூக்கிப் பெங்களூருக்கும் மேல வெச்சிடுது! இறக்கைக்கும் இன்ஜினுக்கும் காற்று போதாது, ஓட வேண்டிய தூரம் கூடும். இது மறந்து போனா மார்க்கோட நிக்காது, ஓடுபாதை முடிஞ்சு போகும்.

இன்னொண்ணு ஐஸ். "மதுரையில ஐஸா?" என்று சிரிச்சேன், ஒரு மார்க் போச்சு. செஸ்னா 152 மாதிரி பழைய பயிற்சி விமானங்கள்ல கார்புரேட்டர்தான். வெஞ்சுரியில அழுத்தம் குறையுது, பெட்ரோல் ஆவியாகுது, ரெண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலையை இருபது டிகிரிக்கும் மேல இறக்கிடும். ஐப்பசி மழை விட்ட காலையில வெளியே 24 டிகிரியும் நல்ல ஈரமும் இருந்தா, உள்ளே பனி கட்டும். இதே பெர்னூலியை மூணாவது செமஸ்டர்ல எழுதினோம். இன்ஜின் நின்னு போற விஷயம்னு யாரும் அப்போ சொல்லல.

தமிழ் மீடியத்துல படிச்ச தம்பி தங்கச்சிகளுக்கு இங்கிலீஷ் பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனா ரேடியோவுல கேட்கறது அலங்கார இங்கிலீஷ் இல்ல, அளந்து வெச்ச வார்த்தைகள். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, மூடுபனி. டேக்ஆஃப் என்ற சொல்லை வெச்சு ஒரு துணை விமானி அரைகுறையா ஒரு வாக்கியம் சொன்னார். கிளம்புற இடத்துல காத்திருக்காங்கன்னு டவர் புரிஞ்சுக்கிட்டது. விமானமோ ஓட ஆரம்பிச்சிருந்தது. ரெண்டு ஜம்போ ஜெட் மோதி 583 பேர் செத்தாங்க. இப்போ கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது. ரெகுலேஷன் பாடம் அறுவைன்னு சொல்றவங்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

இப்போ காசு. பிபிஎல்லுக்கு 17 வயசு, பத்தாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, 40 மணி நேரப் பறப்பு. இதை வெச்சுச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. வேலைக்குப் போக சிபிஎல் வேணும்: 200 மணி நேரம், செலவு பல பத்து லட்சம். நிறைய பேர் வீட்டை அடமானம் வெச்சுட்டு அப்புறம்தான் புத்தகத்தைத் திறக்கறாங்க. நான் சொல்றது தலைகீழ் வரிசை. முதல்ல டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட மெடிக்கல். நிறம் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதது லோன் வாங்கின பிறகா தெரியணும்? அடுத்து கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி தியரி. பறக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சிபிஎல் தாள்களை எழுதலாம். அதுல பிடிப்பு வரலைன்னா, புத்தகக் காசோட தப்பிச்சோம்.

"சூரரைப் போற்று" பார்த்துட்டுக் கிளம்பினவங்களுக்கு ஒரு சின்னத் தகவல். சோழவந்தான் என்பது படத்துக்காக. நிஜக் கதை கர்நாடகத்து கோரூர் கோபிநாத்தோடது. அவர் பேர்ல இருக்கற கேப்டன், ராணுவத்துப் பதவி.

குதிரை வாங்க பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழிச்ச மாணிக்கவாசகர் எங்க ஊர்க்காரர்தான். அவருக்கு நரியைப் பரியாக்க ஆள் இருந்தார். எங்க அப்பா கொடுத்த கோச்சிங் பணத்துக்கு நான்தான் கணக்குச் சொல்லணும். அதனால திரும்ப எழுதறேன். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாஸ்டல் ரீடிங் ரூம்ல நாலு பேர் உட்கார்றோம். வர்றவங்க ஸ்கேலும் ப்ரொட்ராக்டரும் எடுத்துட்டு வாங்க. பிடிஎஃப் வேண்டாம்.