விதை எவர் குலுக்கையில்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம்பார்த்த நிலத்து உழவன் விளைச்சலைச் சந்தைக்கு விடுப்பான். விதையைத் தன் குலுக்கையிலேயே காப்பான். கட்டற்ற மென்பொருள் இயற்றும் தமிழிளைஞர் பலரோ, விதையாகிய நிரலைக் கிட்கப் என்னும் களத்தில் மட்டுமே வைத்து அமைகின்றனர்.

2014 திசம்பரில் இந்திய நடுவணரசு அக்களத்தை முடக்க ஆணையிட்டது. 2018-இல் மைக்ரோசாப்ட்டு 750 கோடி அமெரிக்கத் தாலருக்கு அதனை வாங்கிற்று. கூகுளின் நிரற்களமோ 2016-இல் மூடப்பட்டது.

கிட்டு முறையில் நிரலின் முழுப்படி ஒவ்வொன்றும் அதன் வரலாற்றையும் தாங்கும். ஆயின் பயனர் உரைத்த பிழைகளும் உரையாடல்களும் களத்திலேயே தங்கிவிடும்.

ஆகவே, உறுப்பினரே ஆளும் பெர்லினின் கோடுபெர்கு போன்ற பொதுக்களத்தைத் தேர்க. முழுப்படியொன்றைத் தம் கணிப்பொறியிலும் காக்க.

கிட்கப்பில் கூட்டம் மிகுதியே, அது சந்தை. சந்தையில் விளைச்சலைக் காட்டலாம். விதையைச் சேர்த்துவைத்தல் ஆகாது!