புகார் வந்தால்தான் பாட்டு காதில் விழுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு 2024 டிசம்பர் 15 அன்று இளையராஜா வந்துபோனார். அன்றிலிருந்து சில நாள் இந்த ஊரில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சு. அர்த்த மண்டப வாசலில் என்ன நடந்தது? உள்ளே போனாரா, போகவிடவில்லையா? மரபா, அவமதிப்பா? அறநிலையத் துறை விளக்கம் கொடுத்துவிட்டது. பரவுவது வதந்தி என்று அவரே மறுநாள் எழுதிவிட்டார். பேச்சு ஓயவில்லை. அந்த வாசலைப் பற்றிக் கேட்பதற்கு நியாயமான கேள்விகள் உண்டு, கேட்கட்டும். என் ஆற்றாமை வேறு. அவர் வந்தது தன் 'திவ்ய பாசுரம்' இசை நிகழ்ச்சிக்காக. ஆழ்வார் பாசுரங்களுக்கு அவர் போட்ட மெட்டுகள், ஆண்டாள் பிறந்த ஊரில், மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் ஒலித்தன. அடுத்த மூன்று நாளில் என்னிடம் வாசலைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் பாட்டுகள் எப்படி இருந்தன என்று கேட்கவில்லை.

இதற்குச் சில வாரம் முன்பு, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் நேரத்தில், பாடகி இசைவாணி மீது புகாருக்கு மேல் புகார். காரணம், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்காக அதற்கு ஆறு ஆண்டு முன்பு அவர் பாடிய ஒரு பாட்டு. ஆறு ஆண்டாக அது எல்லோர் கைப்பேசிக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது. புகார் கொடுத்தவர்கள் பாட்டைக் கடைசிவரை கேட்டிருந்தால் அது பெண்ணின் உரிமையைப் பற்றிப் பேசுவது தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தேவைப்பட்டது முதல் வரி மட்டுமே.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் இசைத் தொகுப்புகளின் கதி விளங்கும். சினிமாவில் வந்தால் கேட்போம். சாமி பாட்டாக இருந்தால் கோயில் திருவிழாவில் ஒலிக்கும். இரண்டிலும் சேராமல் ஒருவர் தன் சொந்தச் சொல்லில், தன் சொந்தக் காசில் ஒரு தொகுப்பு வெளியிட்டால், காவல் நிலையத்தில் மனு விழும் நாள்வரை அது பிறக்காத பிள்ளை.

அந்த நவம்பர் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், வயது பத்தொன்பது இருக்கும். சத்திரப்பட்டிக்காரன், வீட்டோடு தறி, மருத்துவமனைக்குப் போகும் கட்டுத்துணி நெய்கிற குடும்பம். காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி, "சார், கேக்கிறீங்களா?" என்று நீட்டினான். ராப் பாடகர் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'. 2024-ல் வந்த தொகுப்பு. அது முடிந்ததும், அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வெளியிட்ட 'ஜிஎன்எக்ஸ்'. இன்னொரு ராப் பாடகரான ஹனுமான்கைண்ட் 'பிக் டாக்ஸ்' பாட்டை மரணக்கிணற்றுக்குள் வைத்துப் படமாக்கியதைக் கையால் சுற்றிக் காட்டி விளக்கினான். பிறகு, கொஞ்சம் தயங்கி, தன் நோட்டைக் காட்டினான். நடுவில் ஊக்குப் பிரிந்த நாற்பது பக்க நோட்டு. பக்கம் முழுக்க அடித்து அடித்து எழுதிய வரிகள்.

எங்கே பதிவு செய்கிறாய் என்றேன். "வீட்லதான் சார். ராத்திரி போர்வையை மூடிக்கிட்டு, போன்லயே. எப்படி மூடினாலும் தறிச் சத்தம் உள்ள வந்துருது. எடுக்கவே முடியல. கடைசில அதையே தாளமா வச்சுக்கிட்டேன்."

அவன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில் ஹிப்ஹாப்பின் முழு வரலாறும் இருக்கிறது. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பின் பொது அறையில், இருக்கிற இசைத்தட்டுகளையே திருப்பித் திருப்பி ஓட்டித் தாளம் கண்டுபிடித்தார்கள். இது பாட்டே இல்லை, வேகமாகப் பேசுவதுதானே என்கிறவர்கள் வில்லுப்பாட்டை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டிராதவர்கள். இதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 'பேட்டை ராப்' 1994-லேயே சினிமாவில் வந்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் என்பவர்களுக்கு ஒரே பதில்: அந்தப் பாட்டின் உரிமை எந்தப் பேட்டைக்காரனிடமும் இல்லை.

உரிமை என்று வந்ததால் வாஷிங்டன் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்கிறேன் என்று நண்பர்கள் சலித்துக்கொள்வார்கள். கேட்கவேண்டியவர்கள் இன்னும் கேட்கவில்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன்.

1980-ல் அங்கே 'டீன் ஐடில்ஸ்' என்று நாலு பள்ளிப் பையன்கள். பங்க் இசையை இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக வாசித்தார்கள். அதுதான் பின்னால் ஹார்ட்கோர் ஆனது. அவர்களுக்கு அந்த வேகத்தைக் காட்டியது 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற கறுப்பினக் குழு. ஆண்டுக் கடைசியில் குழு கலைந்தது. கச்சேரிகளில் சேர்ந்த பணத்தைப் பங்கு பிரிக்காமல் வைத்திருந்தார்கள். சுமார் 600 டாலர். அதை வைத்து எட்டுப் பாட்டுகள் கொண்ட ஒரு சிறு தட்டு போட்டார்கள். 1,000 பிரதி. உறை போடக் காசில்லை. வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, விரித்து, அதையே அளவாக வைத்து, தாளை வெட்டி, மடித்து, பசை தடவி, ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டினார்கள். அந்த உறையில் இருக்கும் படத்தையும் பாருங்கள்: குறுக்காக வைத்த இரண்டு கைகள், புறங்கையில் கறுப்பு மையில் பெருக்கல் குறி. வயது குறைந்த பிள்ளைகளுக்கு மது ஊற்றிவிடாமலிருக்க விடுதிக்காரர்கள் இட்ட அடையாளம் அது. அதையே தங்கள் பெருமையாக்கிக்கொண்டார்கள்.

அந்த ஆயிரம் தட்டுக்காகத் தொடங்கியதுதான் 'டிஸ்கார்டு' என்ற நிறுவனம். 1985-ல் 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' குழுவின் தொகுப்பை அதுதான் வெளியிட்டது. இன்று எமோ என்று சொல்லப்படும் வகையே அங்கிருந்துதான் கிளை பிரிகிறது. அந்த நால்வரில் ஒருவரான இயன் மெக்காய் பின்னாளில் தொடங்கிய 'ஃபுகாசி' குழு, உலகம் அறிந்த பிறகும் ஐந்து டாலர் நுழைவுச்சீட்டிலேயே பிடிவாதமாக நின்றது. டிஸ்கார்டு பாடகர்களோடு ஒப்பந்தம் போடுவதில்லை. கிடைத்த லாபத்தைப் பங்கு வைத்தது. நாற்பது ஆண்டு கடந்து இன்னும் நடக்கிறது. 600 டாலர், 1,000 பிரதி, ஒரு பசைப் புட்டி. இந்தக் கணக்கு நம் இசைத் துறைப் பெரியவர்கள் ஒவ்வொருவரின் மேசைக்கு எதிரிலும் ஒட்டப்பட வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கு என்ன? 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு. உலகமே ஆடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் அங்கே இல்லை. 2024 மார்ச்சில் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்: மூன்று ஆண்டில் தங்களுக்கு அந்தப் பாட்டால் ஒரு காசும் வரவில்லை. கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டுக்கே இது நிலைமை. அப்படியானால் சத்திரப்பட்டிப் பையனுக்கு என்ன கிடைக்கும்?

பாடியவரை மறக்கும் இந்த நோய் பழையது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் மலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். வழிநெடுக ஒலிபெருக்கியில் பெண் குரல்கள். கேசட் காலத்திலிருந்து கேட்டு வருகிற அந்தக் குரல்களில் ஒன்றுக்காவது பெயர் தெரியுமா என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கூச்சலுக்கு மட்டும் குறைவில்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் சேர்ந்த பத்தொன்பது பேர். அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயர். தமிழ் இசையில் அதற்கு இணையான ஒரு மாலை என் வாழ்நாளில் இல்லை. மறுநாள், ஜனவரி 7, ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றிக் கவிஞர் வைரமுத்து பேசினார். வாரக்கணக்கில் எங்கள் மாவட்டம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் ஒரு நாள் முன்பு பிறந்த இசையைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் பேசி நான் கேட்கவில்லை.

கேட்காத சமூகம் சேமிக்கவும் செய்யாது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போயாக வேண்டும். பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கணக்கு முடங்கினால், ஒரு நிறுவனம் மூடினால், பத்து ஆண்டுப் பாட்டுகள் காற்றோடு போகும். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அலமாரி, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் பதிவுகளுக்கென்று ஏன் இருக்கக் கூடாது? இங்கிருந்து அரை மணி நேரத்தில் சிவகாசி. நாடு முழுக்க நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் ஊர், நம் பையன்களின் தட்டுக்கு ஓர் உறை அச்சிட்டு நான் பார்த்ததில்லை. வாஷிங்டன் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல்தான் இருந்தது; நமக்கு ஒரு நகரமே இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் என்று ஊருக்கு ஆண்டுக்கு ஆயிரம் பிரதி வரட்டும். பத்தே ஆண்டில் தமிழ் இசையில் சினிமாவின் பிடி முடிந்துவிடும். எனக்கு அதில் ஐயமே இல்லை.

அந்தப் பையன் போன வாரம் ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். இரண்டு நிமிடம், பதினேழு விநாடி. தறிச் சத்தத்தில் தொடங்குகிறது. நாடா இடமும் வலமும் அடிக்கிற இடைவெளிக்குள் சொற்களை நறுக்கி நறுக்கி வைக்கிறான். இரண்டாவது சரணத்தில் மூச்சு போதவில்லை. இன்னும் பழக வேண்டும். நெசவுக் கூலியைச் சொல்லும் இடத்தில் குரல் உயராமல் தாழ்கிறது, அது மிக நல்ல முடிவு. ஒன்றரை நிமிடம் ஆகும்போது தறி சட்டென்று நின்றுவிடுகிறது. மின்வெட்டு. தூரத்தில் யாரோ "தீப்பெட்டி எங்க?" என்று கேட்கிறார்கள். அவன் நிறுத்தவில்லை. தாளமே இல்லாமல், அதே வேகத்தில், கடைசிவரை சொல்லி முடிக்கிறான்.