விக்கிப் பக்கம் சாட்சி சொல்லுமா?

ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கிற விஷயம், இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். மும்பைக்கு வந்ததிலிருந்து பாதி நாள் கம்ப்யூட்டர் பிராஜெக்டுகளோடுதான் போகிறது. நான் பி.காம்.காரன். புரோகிராம் தெரியாது, கையெழுத்தின் விலை தெரியும்.

டெஸ்டிங் முடிந்தது என்று ஒப்புதல் தரும் பக்கம் எங்கள் டீம் விக்கியில் இருந்தது. அதில் ஜிராவின் பிழைப் பட்டியலை மேக்ரோ போட்டுப் பதித்திருந்தார்கள். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது ஜிராவைக் கேட்டு அப்போதைய நிலையைக் காட்டும். "எக்ஸெல்லே வேண்டாம் சார், எப்பவும் லைவ்" என்றார் பிராஜெக்ட் தம்பி. பாக்கி 11. எல்லாம் சில்லறைப் பிழை. பெயரைப் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஆடிட்டர். "நீங்க ஒப்புதல் தந்த அன்னிக்கு என்னென்ன பாக்கி?" பக்கத்தைத் திறந்தால் 2 பிழைதான். அதில் ஒன்று சிவப்பில், உச்ச முன்னுரிமையோடு! பிற்பாடு உயர்த்தியிருக்கிறார்கள், நிற்பதோ என் பெயருக்கு மேலே. விக்கியின் பழைய வெர்ஷனிலும் அதே 2. விக்கி சேமித்தது கேள்வியை மட்டும், விடையை அல்ல. போதாக்குறைக்கு, அவரவர் லாகினுக்கு என்ன அனுமதியோ அதுதான் தெரியும். ஆடிட்டருக்கு அந்த 2 கூடத் தெரியவில்லை.

"ஜிராவில் பழைய தேதியின் நிலையைத் தேடலாமே?" என்பீர்கள். தேடினோம். 10 கிடைத்தது. பதினொன்றாவதை யாரோ டெலிட் செய்துவிட்டார்கள். அழித்தது தேடலில் வராது. அந்த ஒன்றுக்கு நான் எழுதிய விளக்கக் கடிதம் இன்றும் ஃபைலில் இருக்கிறது.

லைவ் பட்டியலே கூடாது என்று சொல்லவில்லை. காலை மீட்டிங்குக்கு அதுதான் சரி. ஒட்டி வைத்த எக்ஸெல் மறுநாளே பொய்யாகிவிடும். ஆனால் மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் ஜூலையில் தானாக மாறினால் அதற்குப் பெயர் கணக்கா? மளிகைக்கடை அண்ணாச்சிகூட நோட்டில் அடித்துத்தான் எழுதுவார். அடித்ததும் படிக்கத் தெரியும். ஒப்புதல் பக்கத்தில் அன்றைய பட்டியலின் பிரதி ஒன்று, தேதியோடு, பிடிஎஃப்பாக இருக்கவேண்டும். ஐந்து நிமிட வேலை.

நம் வீடுகளில் ஆளுக்கொரு ஐடி பிள்ளை இருக்கிறதே, கொஞ்சம் சொல்லி வையுங்கள். மேக்ரோவுக்கு மெமோ வராது. கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் வரும்.

டிஸ்கி: அந்தத் தம்பி மேல் கோபமில்லை. இப்போது பிடிஎஃப் கேட்டாலே "புரியுது சார்" என்று சிரிக்கிறார் :-)